மதகில் மூன்றாவது காடி

கணவரின் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாளே குணேஸ்வரி புத்தளத்துக்கு வந்தாள். சட்டத்தரணி றஹ்மாவின் அலுவலகத்தில் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, மடியிலிருந்த பொலித்தீன் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றிவந்த தம்பி கீர்த்திகன் உள்ளே வராமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். அவனுடைய இடது பாதத்தில் அழுக்கேறிய கட்டு ஒன்று இருந்தது.

"வீட்டை விட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு மிஸ்," என்றாள் குணேஸ்வரி. "அவரை எரிச்ச சாம்பல் இன்னும் ஆறேல்ல."

"கடிதம் போட்டது யாரு?"

"அன்ரனி அண்ணை. அவரின்ர பங்காளி."

றஹ்மா அவசரப்படவில்லை. அவளுடைய உதவியாளராகச் சேர்ந்து ஆறு மாதமான இளம் சட்டத்தரணி லக்சனாதான் பேனாவைத் திறந்துகொண்டு முன்னால் சாய்ந்தாள். குணேஸ்வரி சொன்னது இதுதான்.

அவளும் கணவர் பாலச்சந்திரனும் போர் முடிந்த பிறகு முல்லைத்தீவிலிருந்து வந்தவர்கள். முந்தல் பக்கத்தில் வாங்கிய காணியில் வீடு கட்டினார்கள். வாய்க்காலை ஒட்டிய பின்பக்கத்தில் இறால் குளம் வெட்டினார்கள். காணி பாலச்சந்திரனுடையது, குஞ்சும் தீனும் அன்ரனிப்பிள்ளையுடையவை. இறால் விற்றதும் பாதிப் பாதி. ஆனால் போட்ட முதலுக்குப் பிடிமானமாக, வீடும் குளமும் சேர்ந்த காணியை அன்ரனிப்பிள்ளையின் பெயருக்கு ஒரு நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்தார் பாலச்சந்திரன். இந்த மாதக் கடைசிக்குள் முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி மீண்டும் அவருக்கு. கொடுக்காவிட்டால் காணி அன்ரனிப்பிள்ளைக்கே சொந்தம்.

"இறாலைப் பிடிச்சா எல்லாம் சரி எண்டுதான் இருந்தவர். அந்த நேரம் பாத்து முல்லைத்தீவில எங்கட பழைய காணியை ஆமி விடுது, வந்து எல்லையைக் காட்டு எண்டு கூப்பிட்டாங்கள். நானும் அவரும் போனம். திரும்பி வர, குளம் காய்ஞ்சு கிடக்கு. வெள்ளைப்புள்ளி நோய் வந்து அவ்வளவும் செத்துப் போச்சாம். அன்ரனி அண்ணை தண்ணியைத் திறந்துவிட்டு, செத்ததை அள்ளிச் சுண்ணாம்பு போட்டுக் குழியில தாட்டவராம். என்ர மனிசன் வரம்பில நிண்டு பாத்தார். நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர்தான், பிறகு எழும்பேல்ல."

லக்சனா எழுதுவதை நிறுத்தினாள். றஹ்மா மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையை வாசலை நோக்கி நீட்டினாள்.

"தம்பி, அக்காவுக்கு இதைக் குடுங்க. நீங்க எங்க இருந்தீங்க அப்ப?"

கீர்த்திகன் நொண்டியபடி வந்து வாங்கினான். விரல் நுனிகளிலும் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. "நான்தான் பண்ணையைப் பாக்கிறனான். ஆனா அண்டைக்கு உடப்புக்குப் போயிட்டன். கோயில் திருவிழாவில தீ மிதிக்க. வரேக்க எல்லாம் முடிஞ்சுது."

"காலுக்கு என்ன?"

"தீயில சுட்டுப்போட்டுது."

லக்சனா உடப்பில் பிறந்தவள். அவள் சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். றஹ்மாவின் பார்வை தன்மேல் படுவதை உணர்ந்து மறுபடி தாளுக்குத் திரும்பினாள்.

"மதகுக்குப் பூட்டு இருந்ததா, குணேஸ்வரி?"

"ஓம் மிஸ். இறால் களவு போகுமெண்டு அவர் சங்கிலி போட்டுப் பூட்டி வச்சவர். பூட்டுக்கு ரெண்டு திறப்பு. ஒண்டு தம்பியிட்ட. மற்றது அவர் இடுப்பில. ஆஸ்பத்திரியில உடுப்போட சேத்துத் தந்தவங்க." அவள் பொலித்தீன் பையை இறுகப் பிடித்தாள். அது அந்தப் பைதான்.

*

மறுநாள் காலை றஹ்மாவின் பழைய கார் பாலாவியைத் தாண்டித் தெற்கே போயிற்று. லக்சனாவால் பேசாமல் வர முடியவில்லை.

"மேடம், எனக்கு அடுத்த பண்ணைக்காரரில சந்தேகம். நூஹு எண்டு ஒருத்தர். பாலச்சந்திரனோட தண்ணிக்குச் சண்டை போட்டவராம். குளத்துக்கு மருந்து அடிச்சிருப்பார்."

"அப்படியா? அவரோட முதல்ல கதைப்போம். கண்டவுடன கைது செஞ்சிறாதீங்க."

குளம் வெறுமையாகக் கிடந்தது. சேறு வெடித்து, வெடிப்புகளின் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. வரம்பின் மூலையில் சுண்ணாம்பு தூவிய புதுமண் மேடு. அதன்மேல் பண்ணையின் இரண்டு நாய்கள் நீட்டி நிமிர்ந்து தூங்கின. றஹ்மா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு மதகுக்குள் இறங்கினாள். இரண்டு பக்கக் கொங்கிறீற்றுச் சுவரிலும் மேலிருந்து கீழாக ஒடுங்கிய பள்ளங்களாக மும்மூன்று காடிகள் வெட்டியிருந்தன.

"இது எதுக்கு மேடம் மூணு?"

"முதலாவதுல கம்பிவலை நிக்கும், இறால் வெளிய போகாம. ரெண்டாவதுல பலகை, தண்ணியை மறிக்க. மூணாவது அறுவடைக்கு மட்டும். பைவலை கட்டின சட்டத்தை அதுல இறக்கிட்டுப் பலகையை எடுத்தா, தண்ணியோட வர்ற இறால் அவ்வளவும் வலைக்குள்ள. மத்த நாள்ல அது சும்மா கிடக்கும்."

சும்மா கிடந்த மாதங்களில் மூன்றாவது காடியைச் சுற்றிச் சிப்பிகள் அடர்ந்து ஒட்டி வளர்ந்திருந்தன. ஆனால் காடிக்குள்ளே ஒன்றும் முழுதாக இல்லை. மேலிருந்து கீழ்வரை நொறுங்கியிருந்தன. உடைந்த விளிம்புகள் வெள்ளை வெளேரென்று, பாசி பிடிக்காமல், கத்தி போல் நீட்டிக்கொண்டிருந்தன. லக்சனா தொடப் போனாள்.

"தொடாதீங்க," என்றாள் றஹ்மா. "வெட்டினா ஆற நாளாகும்."

வாய்க்காலின் கீழ்ப்பக்கத்தில் நூஹு தன் குளத்துக்குத் தீன் வீசிக்கொண்டிருந்தார். கெட்டியான உடம்பு, கெட்டியான குரல்.

"சண்டை போட்டது உண்மைதான் மகள். ஆனா பாலச்சந்திரனோட இல்ல, அந்த அன்ரனியோட. இந்த வாய்க்கால்ல ஒரு ஒழுங்கு இருக்கு. நோய் கண்டவன் மதகுல சிவப்புத் துணி கட்டணும். கட்டினா நாங்க யாரும் தண்ணி எடுக்க மாட்டோம். இவன் கட்டல்ல. எனக்குத் தெரியாமப் போச்சு. அண்டைக்குப் பின்னேரம் அந்தத் தண்ணியைத்தான் நான் இழுத்தேன்."

"உங்கட இறால்?" என்றாள் றஹ்மா.

"பயத்துல ஒரு கிழமை எனக்குத் தூக்கமில்ல. எழும்பி எழும்பி வந்து பார்ப்பேன். எங்கட வீட்டுக்காரி கேக்கிறா, இறாலைக் கலியாணம் முடிச்சீங்களா எண்டு. அல்லாஹ்ட காவல், ஒண்டுகூடச் சாகல்ல."

"வேற யாரும் அண்டைக்குத் தண்ணி எடுத்தாங்களா நூஹு காக்கா?"

"அன்ரனிதான். எனக்கு அடுத்தது அவன்ட சொந்தக் குளம். அவன்ட பம்பு போட்டா முந்தலுக்கே கேக்கும்."

றஹ்மா தலையை ஆட்டினாள். திரும்பி நடக்கும்போது லக்சனா காதோடு சொன்னாள்: "இவர் இல்லை மேடம்."

"இல்லதான்."

*

அன்று பின்னேரம் குணேஸ்வரியின் வீட்டு முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். அன்ரனிப்பிள்ளை சவரம் செய்த முகமும் வெள்ளை சேட்டுமாக வந்தார். பாலச்சந்திரனின் படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டுதான் கதிரையில் உட்கார்ந்தார். நூஹு வாசலோரம் இருந்தார். கீர்த்திகன் சுவரோடு நின்றான்.

"நான் என்ன செய்ய மிஸ்?" என்றார் அன்ரனிப்பிள்ளை. "பாலன் எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி. நோய்க்கு யார் பொறுப்பு? என்ட முதலும்தானே போச்சு. காணி உறுதியில திகதி இருக்கு. சட்டப்படிதான் கேக்கிறேன்."

"சட்டத்துக்குப் பிறகு வருவோம். செத்த இறாலை எங்க தாட்டீங்க?"

"வரம்பு மூலையில."

"அதுக்கு மேல நாய் ரெண்டு படுத்துத் தூங்குது. ஒரு குளத்து இறால் கீழ அழுகினா, எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் அந்த நாய்கள் மண்ணைக் கிளறாம விட்டிருக்குமா? அதுக்குள்ள சுண்ணாம்பைத் தவிர ஒண்டும் இல்ல எண்டு நினைக்கிறேன். பொலிஸ் வந்து தோண்டட்டும்."

அன்ரனிப்பிள்ளை கைக்குட்டையை எடுத்தார்.

"நீங்க தண்ணியைச் சும்மா திறந்துவிட்டதாச் சொல்றீங்க. பலகையை மட்டும் எடுத்தாப் போதுமே. ஆனா பைவலை இறக்கிற மூணாவது காடியில சிப்பி முழுக்கப் புதுசா நொறுங்கியிருக்கு. செத்துப்போன இறாலை யாரும் வலை கட்டிப் பிடிக்கிறதில்ல. நீங்க அறுவடை செஞ்சிருக்கீங்க."

"அது போன முறை உடைஞ்சதா இருக்கும்."

"போன முறை உடைஞ்சது திரும்ப வளர்ந்து மூடியிருக்கும். சரி, அதை விடுங்க. அண்டைக்குப் பின்னேரம் உங்கட சொந்தக் குளத்துக்குத் தண்ணி எடுத்தீங்களா?"

அவர் வாசலோரம் இருந்த நூஹுவைப் பார்த்தார்.

"எடுத்தான், எடுத்தான்," என்றார் நூஹு. "என்ட காது சாட்சி."

"இறால் வளர்க்கிற ஒரு ஆள், காலையில தன்ட கையால நோய்த் தண்ணியை வாய்க்கால்ல விட்டுட்டு, பின்னேரம் அதே தண்ணியைத் தன்ட இறாலுக்குக் குடுப்பாரா? தண்ணி மாத்துற நாள் வந்தது, பழக்கத்துல பம்பைப் போட்டுட்டீங்க. அந்தத் தண்ணியில ஒண்டுமில்ல எண்டு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் கை தடுக்கல்ல. சிவப்புத் துணியும் கட்டல்ல. கட்டினா நாலு பேர் பார்க்க வந்திருப்பாங்க."

அன்ரனிப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"இன்னும் ஒரு கேள்வி," என்றாள் றஹ்மா. இந்த முறை அவள் குரல் தாழ்ந்திருந்தது. "மதகுப் பூட்டை எப்படித் திறந்தீங்க?"

அன்ரனிப்பிள்ளையின் கண் ஒரு கணம் சுவர்ப்பக்கம் போய்த் திரும்பியது. "உடைச்சேன். அவசரத்துக்குச் சுத்தியலால."

குணேஸ்வரி எழுந்து உள்ளே போனாள். பின்கதவு திறக்கும் ஓசை கேட்டது. நேரம் எடுத்து, மதகடியில் கிடந்த சங்கிலியும் பூட்டுமாகத் திரும்பி வந்தாள். துருப்பிடித்த பழைய பூட்டு. ஒரு கீறல் இல்லை. பொலித்தீன் பைக்குள் கைவிட்டு, கணவரின் உடுப்புகளுக்கு அடியிலிருந்து திறப்பை எடுத்தாள். பூட்டு இலேசாகத் திறந்துகொண்டது.

திறந்த பூட்டைக் கையில் வைத்தபடி அவள் தம்பியைப் பார்த்தாள்.

"உன்ர திறப்பு எங்கயடா?"

கீர்த்திகன் காற்சட்டைப் பையைக் கையால் பொத்தினான்.

"நீ தீ மிதிக்கப் போனனீ."

லக்சனா மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நான் உடப்பு. எங்கட ஊர்ல தீ மிதிச்ச ஆள் கால் சுட்டது எண்டு வாயால சொல்ல மாட்டாங்க. சொன்னா விரதம் பிழைச்சது எண்டு தானே ஒத்துக்கொள்ற மாதிரி. கொப்புளம் வந்தாலும் மறைச்சுக்கொண்டு நடப்பாங்க. இவர் கேட்டவுடன சொன்னார்."

"விரல்லயும் சிப்பி கீறின வெட்டு இருக்கு," என்றாள் றஹ்மா. "கையால யாரும் தீ மிதிக்கிறதில்ல. இந்தப் பக்கத்து ஆக்கள் திருவிழாவுக்குப் போயிருந்த காலையில, மதகுக்குள்ள இறங்கி அந்தச் சட்டத்தைப் பிடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் இவர்."

அன்ரனிப்பிள்ளை எழும்பினார். "இத்தாலிக்கு அனுப்பு எண்டு என்ட வாசல்ல ஒரு வருசமா நிண்டவன் இவன்தான். நானாக் கூப்பிடல்ல."

"நல்லது. அப்ப நடந்ததை ஒத்துக்கொள்றீங்க," என்றாள் றஹ்மா. "இருங்க, இன்னும் முடியல்ல. சட்டப்படி எண்டு சொன்னீங்களே. ஒரு நிபந்தனை நிறைவேறாமத் தடுத்த ஆளே, அந்த நிபந்தனையைக் காட்டிக் காணி கேக்க ஏலாது. பங்காளிக்குத் தெரியாம எடுத்ததுக்குக் கணக்கும் காட்டணும். பங்காளி செத்தா, அவர்ட மனைவிக்கு. இறாலை எந்த லொறி ஏத்திச்சு எண்டதைப் பொலிஸ் தேடிக்கொள்ளும். கோட்டில சந்திப்போம்."

அவர் போகும்போது பாலச்சந்திரனின் படத்தைப் பார்க்கவில்லை. நூஹு அவருக்கு வழிவிடாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் விலகினார்.

கீர்த்திகன் சுவரோடு சறுக்கித் தரையில் இருந்துவிட்டான்.

"அக்கா, இத்தாலிப் பயணத்துக்குக் காசு தாறன் எண்டவர், அங்க போய் உழைச்சு அனுப்பலாம் எண்டுதான்... அத்தான் செத்துப் போவார் எண்டு நான் நினைக்கேல்ல. சத்தியமா நினைக்கேல்ல."

குணேஸ்வரி கிணற்றடிக்குப் போய்ப் பேசினில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, அழுக்குக் கட்டை மெல்ல அவிழ்த்தாள். பாதத்தின் ஓரத்தில் நீளநீளமாக நாலைந்து வெட்டுகள், சீழ் கட்டியிருந்தன. போரின் கடைசி நாட்களில் மாத்தளனில் துப்பாக்கிச் சன்னம் கீறிய அவன் முழங்காலை ஒரு பதுங்குகுழிக்குள் இப்படித்தான் கழுவியிருந்தாள். அப்போது அவன் சின்னப்பெடியன். அந்தத் தழும்பு இப்போதும் தெரிந்தது. அவள் புண்ணைக் கழுவித் துடைத்து, பொலித்தீன் பையிலிருந்து கணவர் உடுத்திருந்த சாரத்தை எடுத்துக் கரையோரமாகக் கிழித்து, இறுகாமல் கட்டிவிட்டாள்.

பிறகு கையை நீட்டினாள். அவன் காற்சட்டைப் பைக்குள்ளிருந்து திறப்பை எடுத்துக் கொடுத்தான்.

"வழக்கு வையுங்கோ மிஸ்," என்றாள் குணேஸ்வரி, திரும்பிப் பார்க்காமல். "இவன் வந்து நடந்ததைச் சொல்லுவான். சொல்லாட்டி இவன்ர பேரையும் போடுங்கோ. இண்டைக்கு இரவுக்கு இஞ்ச படுக்கட்டும். காலமை போயிடவேணும்."

லக்சனா வெளியே வந்து காருக்குள் ஏறினாள். வாய்க்காலின் அந்தப்பக்கத்தில் நூஹு பம்பைப் போட்டார்.

"வெல்லுவோமா மேடம்?"

றஹ்மா சாவியைத் திருப்பினாள். வீட்டு வாசலில் யாரும் இல்லை. கழற்றிய கட்டு மட்டும் படியில் கிடந்தது.

"காணி மிஞ்சும்," என்றாள்.