ஊதா நகமும் வியாழக்கிழமையும்

"டாக்டர், இவர் எங்கேயோ ஒளிச்சு வச்சு இனிப்பு திங்கிறார். எங்கேன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

சொல்லிக்கொண்டே உள்ளே வந்த அம்மாள், கணவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். முப்பது டன் பெட்டியைப் பூப்போல இறக்குகிற மனிதர், மனைவி முன்னால் வாயே திறக்கவில்லை.

பத்து நாளுக்கு முன் அம்மாள், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்று வாங்கினாள். அன்றிலிருந்து காலையில் வெறும் வயிற்றிலேயே அவருக்கு முந்நூறுக்கு மேல். நூறைச் சுற்றி இருக்கவேண்டியது. கம்பெனிக்கு உடல்தகுதிச் சான்று கொடுக்க இன்றே கடைசி நாள். டாக்டர் கையெழுத்துப் போடாவிட்டால், இருபத்திரண்டு வருஷமாக ஏறிய கிரேனை அவர் மறந்துவிட வேண்டியதுதான்.

"சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டுட்டேன். அப்படியும் குறையலை," என்றாள் அம்மாள்.

துப்பறிவதென்றால் நர்ஸுக்குக் கொள்ளை ஆசை. கிரேன்காரரின் கையைப் பிடித்துத் திருப்பினாள். "சார், நகமெல்லாம் ஊதா. ஆக்சிஜன் குறையுது."

"உதடு?"

"சிவப்பாத்தான் இருக்கு."

"ஆக்சிஜன் குறைஞ்சா உதடும் நீலம் பாரிச்சிருக்கும். வேற பாரு."

நர்ஸ் அசரவில்லை. அவருடைய கைக்குட்டையை மேஜைமேல் விரித்தாள். ஊதாக் கறை, அதில் நாலைந்து எறும்புகள். "சிக்கிட்டார் சார்."

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கண் போயிடும், கால் போயிடும்னு நான் பயந்து சாகறேன். இவருக்கு நாக்குதான் பெருசு."

"சத்தியமா நான் ஒண்ணும் திங்கலை," என்றார் அவர், முதல் முறையாக.

டாக்டர் அவரிடம் நிதானமாகக் கேட்டார். தாகம் அதிகமா? இல்லை. அடிக்கடி சிறுநீர்? இல்லை. எடை குறைந்ததா? பேன்ட் இறுகித்தான் போயிருக்கிறது. நேற்று லேபில் முழங்கை மடிப்பில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் சர்க்கரை தொண்ணூற்றாறுதான். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனையும் சரி.

"லேப்ல மாத்திக் கொடுத்திருப்பாங்க," என்றாள் அம்மாள்.

டாக்டர் அவளுடைய நோட்டைப் புரட்டினார். முந்நூற்றுப் பத்து, முந்நூற்று இருபது. வியாழக்கிழமை மட்டும் நூற்றொன்று.

"வியாழக்கிழமை என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லையே. எனக்குச் சளி பிடிச்சிருந்தது. ஜூஸ்கூட வேண்டாம்னுட்டேன்."

"என்ன ஜூஸ்?"

"கறுப்பு திராட்சை. தினம் காலையில இவர்தான் போட்டுத் தருவார். மிக்ஸியில அடிச்சா விதை அரைஞ்சு கசக்கும். அதனால கையாலேயே பிசைஞ்சு வடிகட்டுவார்."

"டம்ளரை வாங்கிட்டு?"

"அவர் கையைத் துடைச்சதும் விரலை நீட்டச் சொல்லிக் குத்துவேன். ஸ்பிரிட் பஞ்சால நல்லாத் துடைச்சுட்டுத்தான்."

டாக்டர் சிரித்துக்கொண்டே, எதிர்க்கடையிலிருந்து திராட்சை வாங்கிவரச் சொன்னார். வந்தது. "இப்ப நீங்க பிசையுங்கம்மா. வீட்ல செய்யற மாதிரியே துடைச்சுட்டுக் கையை நீட்டுங்க."

நர்ஸ் பஞ்சால் துடைத்துக் குத்தினாள். கருவியைப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "முந்நூத்தி முப்பது. அம்மா, உங்களுக்குத்தான் சர்க்கரை!"

"எனக்கா?"

"எங்கே ஒளிச்சு வச்சுத் திங்கறீங்க?" என்றார் டாக்டர்.

அம்மாள் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டர் அவளைச் சோப்புப் போட்டுக் கைகழுவவைத்து, ஈரம் போகத் துடைத்து மறுபடி குத்தச் சொன்னார். நூற்றுப் பன்னிரண்டு.

"சர்க்கரை ரத்தத்துல இல்லை, விரல் தோல்ல இருந்தது. ஸ்பிரிட் பஞ்சு அதை முழுசா எடுக்காது. தண்ணி வேணும். நகத்துக் கறையும் எறும்பும் அதைத்தான் சொல்லுச்சு. நீங்க ஜூஸ் குடிக்காத அன்னைக்கு இவருக்குச் சர்க்கரையும் இல்லை."

சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிரேன்காரர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

அம்மாள் அவரோடு வாசலுக்கு வந்தாள். படியிறங்கும்போது நின்றாள். "பத்து நாளா திருடன், திருடன்னு திட்டினேனே. கோபிச்சுக்கிட்டு ஒரு நாளாவது ஜூஸை நிறுத்தியிருக்கலாம்ல?"

"நீ திட்டினதுக்கும் ஜூஸுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு நான் பிசைஞ்சு தர்றேன். நீங்க குடிங்க."

"ஐயோ வேண்டாம்," என்றார் அவர். "உனக்குச் சர்க்கரை ஏறிடும்."