இரண்டாவது பெஞ்சில் ஓர் இடம்

அவளை வீட்டில் எல்லாரும் பாப்பா என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் இருக்கும் நீளமான பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். சுண்டு என்று கூப்பிட உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவள்தான் நெட்டை.

சுண்டு கொஞ்சம் குள்ளம். நெட்டை ரொம்ப உயரம். ஒருத்திக்கு ஒருத்தி பெயர் வைத்துக்கொண்டார்கள். கணக்கு சரியாகிவிட்டது. இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

இரண்டு பேரும் வேறு வேறு பள்ளிக்கூடம். நெட்டையின் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ரொம்பத் தூரம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்தில் மட்டும்தான் பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது பெஞ்சில் சுவர் ஓரமாக நெட்டையின் அம்மா, அடுத்து நெட்டை, அதற்கடுத்து சுண்டு. ஒரு வாரத்தில் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் ஆராதனை தொடங்குவதற்கு முன் பத்து நிமிடத்தில் பேசி முடிக்க வேண்டும். முடியவே முடியாது.

அதெல்லாம் எட்டு மாதத்துக்கு முந்தைய கதை. சுண்டு என்று யாரும் கூப்பிட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். நெட்டையின் அம்மாவுக்குத் தையல் வேலை. எல்லாருக்கும் அவர் தையல் அத்தை. அந்த ஆலயத்தில் இசைக்கருவி எதுவும் கிடையாது. தையல் அத்தை எழுந்து நின்று பாட்டின் முதல் வரியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் பின்னாலேயே போவார்கள். ஒருநாள், காய்ச்சலில் படுத்து எழுந்த மறுவாரமே அவர் பாட வந்தார். இரண்டாவது வரியில் குரல் உடைந்துவிட்டது. பாட்டு பாதியில் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் திட்டவில்லை. ஆனால் யாரும் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. 'இப்போது போய்ப் பேசினால் பாவம், சங்கடப்படுவார்' என்று நினைத்து, ஆராதனை முடிந்ததும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் தையல் அத்தை வரவில்லை. நெட்டையும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

"அவங்க வீட்டுக்குப் போலாம்பா" என்று சுண்டு எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள்.

"இது பெரியவங்க விஷயம் பாப்பா. அவங்களுக்குத் தானா மனசு ஆறட்டும்" என்பார் அப்பா. அப்பா வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர். எவ்வளவு உயரமான ஏணியிலும் பயப்படாமல் ஏறுவார். இந்த விஷயத்தில் மட்டும் அவருக்குக் கால் எழவில்லை.

இப்போது பாட்டை எடுத்துக் கொடுப்பவர் கடிகார மாமா. கடிகாரம் பழுதுபார்ப்பவர். தங்கமான மனிதர். ஆனால் முதல் வரியையே கூரை உயரத்தில் ஆரம்பிப்பார். மூன்றாவது வரியில் பாட்டு இன்னும் மேலே ஏறும்போது ஒவ்வொருவராக வாயை மூடிக்கொள்வார்கள். கடைசியில் கடிகார மாமாவின் சத்தமும் மின்விசிறியின் சத்தமும் மட்டும்தான் மிஞ்சும்.

பாட்டு இப்படி ஆனதும் ஆட்களும் குறைய ஆரம்பித்தார்கள். இந்த ஆண்டின் கடைசி ஞாயிறு அன்று பாதிப் பெஞ்சுகள் காலி. ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"புது வருஷம் பிறக்கப் போகுது. நம்ம சபை இப்படித் தூங்கி வழியக் கூடாது. புது உற்சாகத்தோட தொடங்கணும். என்ன செய்யலாம்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"ஒரு பெரிய ஸ்பீக்கர் வாங்கலாம் பாஸ்டர்" என்றார் கடிகார மாமா.

எல்லாரும் பதறிப்போனார்கள். இருக்கிற ஸ்பீக்கரிலேயே காது போதும் போதும் என்கிறது.

"வாசல்ல பெரிய பேனர் கட்டலாம்" என்றார் கணக்கு டீச்சர்.

"சுவருக்கு மஞ்சள் அடிக்கலாம். பாக்கப் பளிச்சுனு இருக்கும்" என்றார் அப்பா.

பாஸ்டர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். சுண்டு கையைத் தூக்கினாள்.

"தையல் அத்தையும் நெட்டையும் வந்தா நல்லா இருக்கும் பாஸ்டர்."

அப்பா அவள் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினார். பாஸ்டர் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தார். ஆனால் எதுவும் எழுதவில்லை.

புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால் ஆலயத்தைச் சுத்தம் செய்தார்கள். சுண்டுவுக்குப் பெஞ்சு துடைக்கும் வேலை. இரண்டாவது பெஞ்சுக்கு வந்தபோது, புத்தகம் வைக்கும் பலகையில் சுவர் ஓரமாக ஒரு பாட்டுப் புத்தகம் இருப்பதைப் பார்த்தாள். நீலத் துணியில் தைத்த உறை. தையல் அத்தையின் புத்தகம்!

நெட்டை வராததிலிருந்து சுண்டுவும் அப்பாவோடு பின்னால்தான் உட்கார்ந்தாள். அந்த இடத்தில் எட்டு மாதமாக யாரும் உட்காராததால் யாரும் அதைத் தொடவும் இல்லை.

சுண்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அவளுக்குத் தெரியும், அது அங்கேதான் இருக்கும். பென்சிலால் வைத்த புள்ளிகள், நடுவில் நிறையக் கோடுகள். முறை வைத்து ஆளுக்கொரு கோடு போட வேண்டும்; நான்காவது கோட்டைப் போட்டுக் கட்டத்தை மூடியவர் அதற்குள் தன் எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். இன்னொரு கோடும் போடலாம். ஐந்து கட்டத்தில் 'நெ', நாலு கட்டத்தில் 'சு'. விளையாட்டு பாதியில் நிற்கிறது. அடுத்த முறை நெட்டையுடையது.

நெட்டை என்னை மறந்திருப்பாளோ? அங்கே வேறு யாருக்காவது இந்நேரம் பெயர் வைத்திருப்பாளோ? அதை நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக அப்பாவிடம் போனாள். அவர் ஏணியில் நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இது அத்தையோட புத்தகம். அடுத்தவங்க பொருளை நாம வெச்சுக்கலாமா?"

"கூடாது."

"அப்போ கொண்டுபோய்க் கொடுக்கணும்ல?"

அப்பா ஏணியிலிருந்து குனிந்து மகளைப் பார்த்தார். நன்றாக மாட்டிக்கொண்டார் என்பது அவருக்கே தெரிந்துவிட்டது.

ரயில்வே கேட்டைத் தாண்டி ஸ்கூட்டர் போனது. தையல் அத்தையின் வீட்டு வாசலில் அப்பா வண்டியை நிறுத்தினார். "நீ உள்ள போய்க் கொடுத்துட்டு வா. நான்... நான் வண்டியப் பாத்துக்கிறேன்."

முன்னறையில் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தையல் அத்தை நிமிர்ந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"பாப்பாவா! வா, வா. அவ பட்டன் வாங்கக் கடைக்குப் போயிருக்கா."

சுண்டுவின் முகம் வாடியது. கொடியில் நெட்டையின் பள்ளிப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. அதன் விளிம்பை இரண்டு தடவை பிரித்து இறக்கித் தைத்திருந்தார்கள். இந்த எட்டு மாதத்தில் நெட்டை இன்னும் வளர்ந்திருக்கிறாள். அது தனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது என்று நினைக்க என்னவோபோல் இருந்தது.

அவள் புத்தகத்தை நீட்டினாள். அத்தை அதை வாங்கி, உறையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இதை வேற யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்கன்னு நினைச்சேன். என் இடத்துல இப்ப யாரு உக்காருறா?"

"யாருமே இல்ல அத்தை. உக்கார விடமாட்டோம்."

"என்னது?"

"ஒரு தடவை புதுசா ஒரு பேக்கரிக்காரர் வந்தாரு. தெரியாம உங்க இடத்துல உக்காந்துட்டாரு. உடனே ஏழு பேரு ஒரே நேரத்துல, 'அங்க ஆளு இருக்கு, அங்க ஆளு இருக்கு'ன்னு சொன்னாங்க. அவரு சுத்திமுத்திப் பாத்தாரு. ஆளையே காணோம். பயந்துபோய் எழுந்து போயிட்டாரு. அப்புறம் வரவே இல்ல."

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது.

"அப்படின்னா ஏன் ஒருத்தரும் என்னை வந்து பாக்கல? ஒரு வார்த்தை கேக்கல? பாட்டைக் கெடுத்துட்டேன்னு எல்லாருக்கும் கோபம்னுல்ல நினைச்சேன்!"

"கோபமெல்லாம் இல்ல அத்தை. பேசினா நீங்க வருத்தப்படுவீங்களோன்னு பயம். எங்க அப்பா கூட வெளியில வண்டியப் பாத்துக்கிறாரு. அந்த ஓட்டை வண்டியை யாரு தூக்கிட்டுப் போகப் போறாங்க?"

அத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அப்பா வேறு வழியில்லாமல் கையை ஆட்டினார்.

"வந்து என்ன செய்யறது பாப்பா?" அத்தையின் குரல் தாழ்ந்தது. "காய்ச்சலுக்கு அப்புறம் குரல் முன்ன மாதிரி இல்ல. மேல ஏற மாட்டேங்குது. கீழேயே நின்னுடுது."

சுண்டு துள்ளிக் குதித்தாள்.

"அதுதான் அத்தை எங்களுக்கு வேணும்! கடிகார மாமா மேலேயே ஆரம்பிக்கிறாரு. எங்க யாருக்கும் எட்டல. நீங்க கீழ ஆரம்பிச்சா எல்லாருக்கும் எட்டும்!"

அத்தை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மிஷினில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

சுண்டு கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "கடைசிப் பக்கத்தை மட்டும் அவகிட்ட காட்டுங்க அத்தை."

"கடைசிப் பக்கமா?" அத்தை திருப்பிப் பார்த்தார். "அடிப்பாவிகளா, பாட்டுப் புத்தகத்துலயா?"

சுண்டு ஒரே ஓட்டமாக ஸ்கூட்டருக்கு ஓடிவிட்டாள்.

புத்தாண்டுக் காலை. சுண்டு முதல் ஆளாக வந்து இரண்டாவது பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இரண்டு இடம் காலி. செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். கணக்கு டீச்சர் வந்தார். யார் யாரோ வந்தார்கள். வர வேண்டியவர்கள் வரவில்லை.

மணி அடித்தது. பாஸ்டர் ஜெபம் செய்தார். கடிகார மாமா எழுந்து தொண்டையைச் செருமினார். இனி வரமாட்டார்கள் என்று சுண்டு நினைத்தாள். திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

கடிகார மாமா வழக்கம்போல் கூரையிலிருந்து தொடங்கினார். புது வருடம் என்பதால் இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்தே தொடங்கினார். மூன்றாவது வரி வந்தது. ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசியில் கடிகார மாமாவே நின்றுவிட்டார். மின்விசிறி மட்டும் சுற்றியது.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து அதே பாட்டை ஒரு குரல் முதல் வரியிலிருந்து தொடங்கியது. தாழ்வான குரல். கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஆனால் நிற்கவில்லை.

சுண்டுவுக்குத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள். அப்பா சேர்ந்தார். கணக்கு டீச்சர் சேர்ந்தார். கடிகார மாமாவும் சந்தோஷமாகக் கீழே இறங்கி வந்து சேர்ந்துகொண்டார். மூன்றாவது வரி வந்தது. எல்லாருக்கும் எட்டியது! இத்தனை மாதமாக எங்கேதான் ஒளிந்திருந்ததோ அவ்வளவு சத்தம். கடைசி வரியை யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை பாடினார்கள்.

கண்ணைத் திறந்தபோது அதே பெஞ்சில் சுவர் ஓரமாகத் தையல் அத்தை நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில், அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில், நெட்டை.

பாஸ்டர் பேச எழுந்தார். ஸ்பீக்கர், பேனர், மஞ்சள் வண்ணம் என்று எழுதிய காகிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இந்த வருஷம் நமக்கு ஒரே வேலைதான். இங்க காலியா இருக்கிற ஒவ்வொரு இடமும் யாரோடதுன்னு நமக்குத் தெரியும். அவங்க வீட்டுக்குப் போறோம். உள்ள போய்ப் பேசறோம். வாசல்ல நின்னு வண்டியப் பாத்துக்கக் கூடாது."

சுண்டு பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அப்பாவின் காது சிவந்துவிட்டது.

"முதல்ல அந்தப் பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போங்க பாஸ்டர்" என்றார் தையல் அத்தை. "நான் கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிறேன்னு சொல்லுங்க."

ஆலயமே சிரித்தது. அந்தச் சத்தத்தில் நெட்டை நீல உறைப் புத்தகத்தை மெல்லத் திருப்பி, சுண்டுவின் மடியில் வைத்தாள். கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் மூடியிருந்தது. உள்ளே 'நெ'. அதற்குப் பக்கத்தில் இன்னொரு புதுக் கோடு.

அவள் பென்சிலை நீட்டி, குனிந்து, காதருகே சொன்னாள்:

"சுண்டு, உன் முறை."