இருபத்தொன்றாவது துணி

கொடுத்தது இருபது துணி. திரும்பி வந்தது இருபத்தொன்று.

தவோங்கா சிஸ்டர் இரண்டாம் தடவை எண்ணியபோதும் கணக்கு மாறவில்லை. ரத்தம் ஒற்றி எடுத்த காஸ் துணிகளை இடுக்கியால் ஐந்தைந்தாகத் தட்டில் பிரித்து வைத்திருந்தாள். நான்கு வரிசை போக ஒன்று தனியாகக் கிடந்தது. குறைந்தால் வயிற்றுக்குள் விட்டுவிட்டோம் என்று பொருள், எண்ணுவதே அதற்குத்தான். கூடினால் என்ன பொருள் என்று லுசுங்குவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவன் டாக்டர் இல்லை, கிளினிக்கல் ஆபீசர். இரண்டு வருடம் நகரத்து ஆஸ்பத்திரியில் சர்ஜன் பக்கத்தில் நின்று வெட்டவும் தைக்கவும் பழகி, ராத்தங்கும் அறையின் கட்டில் கம்பியில் நூல் சுற்றி ஆயிரம் முடிச்சுப் போட்டு, போன மாதம்தான் மலாவி ஏரிக்கரையில் இருக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தான். தனியாக ஒரு வயிற்றைத் திறப்பது இதுதான் முதல் தடவை. மேசையில் கிடந்த வைசன் மீன் பிடிப்பவன். டைபாய்டில் குடல் ஓட்டையாகிக் கிடந்தவனைத் தம்பிகள் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நகரத்துக்கு அனுப்ப வழியில்லை, மழையில் பாலம் போய்விட்டது. ஓட்டையைத் தைத்தாயிற்று, கழுவியாயிற்று. மூடுவதுதான் பாக்கி.

"பாக்கெட்லயே ஒண்ணு கூட இருந்திருக்கும் சிஸ்டர்."

"பாக்கெட்டைப் பிரிக்கும்போது ரெண்டு பேரும் சேர்ந்துதானே எண்ணினோம்? பயத்துல உனக்கு மறந்துபோச்சு."

தலைமாட்டில் மயக்க மருந்து பார்த்துக்கொண்டிருந்த கொமெஸ்கானி சிரித்தார். "கூட வந்தா வெச்சுக்கோ தம்பி. இந்த ஆஸ்பத்திரியில வேற எது கூடுதலா வந்திருக்கு?"

லுசுங்குவும் சிரிக்கப் பார்த்தான். மத்தியானம் இரண்டு மணிக்கே ஜன்னல் இருண்டு, தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்து, அயோடினும் சீழும் கலந்த வாடை முகமூடிக்குள் புகுந்து தொண்டையில் தங்கியிருந்த அந்த அறையில், தனியாகக் கிடந்த துணி மட்டும் வெள்ளையாக இருந்தது. இடுக்கியால் அதைத் தூக்கிப் பார்த்தான்.

காய்ந்திருந்தது.

அரை மணி நேரமாக ரத்தத்திலும் கழுவிய தண்ணீரிலும் மிதந்த வயிற்றிலிருந்து அதை அவன்தான் எடுத்திருந்தான்.

"பழைய ஆபரேஷன்ல யாராவது விட்டதோ?" என்றாள் தவோங்கா. அவள் குரலில் கேலி போயிருந்தது.

"வயித்துல ஒரு தழும்புகூட இல்ல சிஸ்டர்."

கணக்கு ஒத்துவராமல் மூடக் கூடாது. வலது கையை உள்ளே விட்டு, குடல் மடிப்புகளுக்கு இடையே, கல்லீரலுக்கு அடியில் மெல்லத் துழாவினான். வழுவழுப்பு. சூடு. நாடித்துடிப்பு. பிறகு உள்ளங்கையில் ஏதோ வந்து அமர்ந்தது.

வெளியே எடுத்தான். துணி. வெள்ளை. நான்காக மடித்திருந்தது, தவோங்கா அவன் கையில் தருவதற்கு மடிப்பதுபோல.

"இருபத்திரெண்டு," என்றாள் அவள். இடுக்கியால் வாங்கி மற்ற வெள்ளைத் துணியின் பக்கத்தில் வைத்தாள்.

"நான் தேடி எடுக்கல. யாரோ கையில வெச்ச மாதிரி இருந்துச்சு."

"அப்படிப் பேசாத."

"மூடிடலாம் சிஸ்டர்."

"இன்னும் உள்ள இருந்தா? ஒரே வாரத்துல அழுகிச் செத்துப்போவான். வெளிய அவன் தம்பிங்க உக்காந்திருக்காங்க."

அது உண்மை. லுசுங்கு வைசனின் முகத்தைப் பார்த்தான். அந்த மயக்க மருந்தில் கண்கள் மூடுவதில்லை. இவ்வளவு நேரமும் அவை கூரையைப் பார்த்தபடி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தன. இப்போது ஆடவில்லை.

"அண்ணே, பிரஷர்?"

"நல்லா இருக்கு. மூச்சும் சீரா இருக்கு. சீக்கிரம் முடி."

மறுபடியும் கையை விட்டான். மணிக்கட்டு வரை. அதற்கும் மேலே. இவ்வளவு ஆழம் இருக்கக் கூடாது. முதுகெலும்பு தட்டுப்பட்டிருக்க வேண்டும். தட்டுப்படவில்லை. சூடும் இல்லை. அந்த இடம் குளிர்ந்திருந்தது, விடியற்காலை ஆபரேஷன் தியேட்டர் தரையைப்போல.

விரல்கள். ரப்பர் உறை போட்ட விரல்கள்.

கையை இழுத்தான். வரவில்லை. இறுக்கிப் பிடிக்கவில்லை அவை. பழகிய கை பிடிப்பதுபோல, தேவையான அளவுக்கு மட்டும் பிடித்திருந்தன.

"என்ன?" என்றாள் தவோங்கா. "லுசுங்கு, என்ன?"

கொமெஸ்கானி எழுந்து நின்றார்.

உள்ளே அவன் கை மெதுவாகத் திருப்பப்பட்டது. உள்ளங்கை மேல்நோக்கி. அவன் கையுறையின் விளிம்பு சுருண்டு இறங்கியது. பிறகு ஈரம். சில்லென்று. மணிக்கட்டின் மேல் நடுவிலிருந்து வெளியே, வட்டமாக, நிதானமாக ஒரு துணி தடவியது.

ஒரு தடவை.

இரண்டு தடவை.

வெட்டுவதற்கு முன் தோலை மூன்று தடவை துடைக்க வேண்டும்.