மயிரிழை விலகல்

முதல் முத்திரையிலேயே வண்ணம் ஒரு மயிரிழை இடப்பக்கம் விலகியிருந்தது.

தொகியே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஓவியர் மினாசேயின் அருங்காட்சியகத்தில் அறைக்கு ஒரு முத்திரை. அட்டையை மரத்தட்டின் மூலைக்குறியில் ஒட்ட வைத்து, அறைக்கு ஒரு வண்ணமாக நான்கு முறை அழுத்தினால், அவருடைய ‘பனி ஏரி’ முழுதாகிவிடும். பள்ளிப் பிள்ளைகள்கூடப் பிசகாமல் செய்வது. இவள் அட்டையில் மட்டும் அச்சிட்டிருந்த சட்டத்துக்கும் சாம்பல் வானத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு.

“என்ன அத்தை, மினாசே பட்டறையில இருபது வருஷம் அச்சுப் போட்ட கையா இது?” சிகுசா சிரித்தாள். “சீட்டு கிழிக்கிற நானே நேராப் போடறேன்.”

சிகுசாவுக்கு இங்கேதான் வேலை. அந்தப் பட்டறைக்கு அச்சுக் கட்டை செதுக்கிய குராமோச்சியின் ஒரே மகள். அவளிடம் ஒன்றைச் சொல்லிவிடத்தான் தொகியே இந்தப் பனியில் மூன்று ரயில் மாறி வந்திருந்தாள்.

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன், ‘பனி ஏரி’யின் நீலக் கட்டை தொகியேயின் கையிலிருந்து நழுவி, தாளைப் பொருத்தும் மூலைக்குறியில் ஒரு சில்லு பெயர்ந்தது. யாரும் பார்க்கவில்லை. சோற்றுப் பசை வைத்து ஒட்டினாள். மறுநாள் இருநூறு தாளிலும் நீலம் விலகி விழுந்தது. குறியைத் தப்பாக வெட்டிவிட்டதாகக் குராமோச்சி மேல் பழி. அவர் வாதாடவில்லை. பட்டறையே பார்க்க, நெற்றியைத் தரையில் வைத்து மன்னிப்புக் கேட்டார். தொகியே தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவர் உடலை ஏரியிலிருந்து எடுத்தார்கள்.

இரண்டாவது அறையில் மண்ணெண்ணெய் அடுப்பின் நெடியும், ஈரக் கம்பளி மேலங்கிகளின் வாடையும், அடியில் எங்கோ மெல்லிய சோற்றுப் பசையின் புளிப்பும் கலந்து நின்றன. நீலத்தை அழுத்தினாள். பின்னால், மரத்தரையில் ஏதோ மெல்லப் பட்ட சத்தம்.

டொக்.

திரும்பினாள். யாருமில்லை. அட்டையில் வெள்ளைக் கோடு அகன்று, ஏரியின் நடுவே ஓர் உருவமாகியிருந்தது. மண்டியிட்டு, குனிந்து.

“இந்தப் படத்துக்கு முன்னாடி யார் வந்தாலும் நான் குனிஞ்சு ஒரு மன்னிப்புக் கேட்டுடுவேன் அத்தை,” என்றாள் சிகுசா, சுவரில் மாட்டியிருந்த ‘பனி ஏரி’யைக் காட்டி. “அப்பா பண்ணின பிசகுக்கு. பழக்கமாயிடுச்சு.”

தொகியேயின் காது மடல்கள் எரிந்தன. “சிகுசா...”

“சொல்லுங்க.”

“இல்ல... செருப்பு வழுக்குது.”

மூன்றாவது அறை. சிவப்பு. டொக். இந்த முறை அருகில். அட்டையில் குனிந்திருந்த தலை சற்றே உயர்ந்திருந்தது.

“அதுக்கப்புறம் அப்பா போறவரைக்கும் எங்க வீட்டுப் படி ஏறினது நீங்க ஒருத்தர்தான். ஆரஞ்சு கொண்டு வந்தீங்க.”

“அவரு சாப்பிட்டாரா?”

“எங்க? எல்லாத்தையும் எனக்கே உரிச்சுக் குடுத்துட்டார்.”

சொல்லிவிடு. இப்போதே. நாக்கு மேலண்ணத்தில் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டது.

கடைசி அறை. கறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். சத்தம் வரவில்லை.

“அட, நேரா விழுந்திருக்கே. எங்க போகும் பழைய கை!”

உண்மைதான். வானம், ஏரி, கரையில் சிவப்பு விளக்கு, எல்லாம் இம்மி பிசகாமல். வெள்ளை உருவம் இருந்த இடத்தில் அடர்ந்த நீலம். தொகியேவுக்கு மூச்சு வந்தது.

“ஏதோ சொல்லணும்னு போன்ல சொன்னீங்களே அத்தை?”

வாசல் தெரிந்தது. பனி தெரிந்தது. ஐந்து மணி ரயிலைப் பிடித்துவிடலாம்.

“ஒண்ணுமில்ல. உன்னைப் பார்க்கணும்னுதான்.”

டொக்.

தொகியே நிமிர்ந்தாள். சிகுசா சிரித்தபடி நின்றாள். அவள் கன்னத்துக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. மயிரிழை அளவு.

தொகியே தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கோடு சாயவில்லை.

அகன்றது. விரல் அளவு. கையளவு.

உள்ளே ஒரு நெற்றி. ஏரி நீர் சொட்ட, தரையிலிருந்து மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.