சத்தம் நின்றால் ஓடுங்கள்

இரண்டு டிக்குகளுக்கு நடுவே யாரோ இருமினார்கள்.

ஆலையைச் சோதிக்க வந்திருந்த ஹெஸ்டரின் பேனா நின்றது. அந்தக் கட்டுப்பாட்டு அறையில் அவளும் மேலாளர் கிளைவும் மட்டும்தான் இருந்தார்கள். அவர் வாய் நிறைய இஞ்சி கேக்கை மென்றுகொண்டிருந்தார். தடித்த கண்ணாடிச் சுவருக்கு அப்பால், யுரேனியக் கரைசல் தொட்டிகளுக்கிடையே முகமூடி அணிந்த ஆறு பேர் குனிந்து வேலை செய்தார்கள். அங்கே இருமினால் இங்கே கேட்காது. வெளியே பிற்பகலிலேயே இருட்டிவிட்ட ஜனவரி, தகரக் கூரையைச் சுரண்டும் கடற்காற்று, ஹீட்டரிலிருந்து தீய்ந்த தூசியின் வாடை, இவை எல்லாவற்றுக்கும் அடியில், கூரையோரத்து ஒலிபெருக்கியிலிருந்து ஓயாமல் வரும் அந்த டிக்... டிக்... டிக்.

வட இங்கிலாந்தில், கம்பிரியாக் கடற்கரையிலுள்ள இந்த ஆலையில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். டிக் கேட்கும்வரை கதிர்வீச்சைக் கவனிக்கும் கருவி விழித்திருக்கிறது. டிக் நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காதே.

"கருவிய கடைசியா எப்ப சோதிச்சீங்க?" என்றாள் ஹெஸ்டர்.

"ஆரம்பிச்சிட்டியாம்மா? டிக்டிக்னு கேக்குதுல்ல, காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?"

"அது ஓட்டைக் கருவி கிளைவ். மாத்துங்கன்னு எத்தனை தடவ எழுதிட்டேன்!"

"நாங்களும் ஒவ்வொண்ணுக்கும் நன்றி சொல்லிப் பதில் போட்டோமே." விரலில் ஒட்டிய கேக்கை நக்கினார். "முன்னெல்லாம் வாரத்துக்கு ஒருதடவ நின்னு தொலைக்கும். எல்லாரும் மழையில போய் நிப்போம், வேலை பாழ். நம்ம வில்ஃப் கை வச்சாரு பாரு, அதுக்கப்புறம் ஒருதடவகூட நிக்கல."

வில்ஃப் ஆலையின் எலக்ட்ரீஷியன். போன வசந்தத்தில் அவரைப் புதைத்தபோது ஹெஸ்டரும் போயிருந்தாள்.

கிளைவ் டீ எடுத்துவர எழுந்தார். "உள்ள உன் தம்பி டங்கன் இருக்கான். மூஞ்சியக் கோணிக் காட்டி அவன் வேலையக் கெடுத்துடாத, இன்ஸ்பெக்டரம்மா."

தம்பி வேலை செய்யும் இடத்துக்கு வேறு ஆளை அனுப்புங்கள் என்று தன் ஒழுங்குமுறை அலுவலகத்துக்கும் அவள் எழுதித்தான் பார்த்தாள். ஆள் இல்லை என்றார்கள்.

கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அதைத் திறக்கும் அட்டை கிளைவின் கழுத்தில்.

டிக். டிக். இருமல்.

இந்தமுறை காதைக் கூர்மையாக்கியிருந்தாள். நெஞ்சில் சளி புரளும் இரண்டு இருமல், கடைசியில் மூக்கால் ஒரு உறுமல். சற்று நேரம் கழித்து அதே இரண்டு இருமல், அதே உறுமல். ஞாயிறுதோறும் தேவாலயத்தின் பின்வரிசையில் பல வருடம் கேட்டது.

வில்ஃப்.

அவர் கருவியைச் சரிசெய்யவில்லை. நன்றாக இருந்த ஒரு நாளின் டிக்கைப் பதிவுசெய்து ஓடவிட்டிருக்கிறார். பதிவாகும்போது பக்கத்தில் நின்று இருமியிருக்கிறார்.

அவள் சட்டைப்பையிலிருந்த சின்னக் கதிர்வீச்சு அளவுமானி முனக ஆரம்பித்தது. முதலில் மெதுவாக. பிறகு எண்ணெயில் கடுகு போட்டதுபோல.

அவசரச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். எந்தச் சங்கும் ஊதவில்லை. மறுபடி அழுத்தினாள்.

கண்ணாடியை இரு கைகளாலும் அடித்தாள். "டங்கன்! வெளிய வாடா! எல்லாரும் ஓடுங்கடா!"

டங்கன் நிமிர்ந்தான். முகமூடிக்குள் அவன் கண்கள் சிரித்தன. அவர்கள் பக்கத்து ஒலிபெருக்கியை விரலால் காட்டினான். காதைத் தொட்டான். கட்டைவிரலை உயர்த்தினான்.

கேட்குதுக்கா. எல்லாம் சரியா இருக்கு.

டிக் நின்றால்தான் ஓடுவார்கள்.

சுவர்ப்பெட்டியைத் திறந்து ஒலிபெருக்கியின் ஃபியூஸைப் பிடுங்கினாள்.

டிக்.

ஒயர்களைக் கொத்தாக இழுத்தாள். நகம் பெயர்ந்தது.

டிக்.

கட்டடத்தின் மெயின் ஸ்விட்ச். தொங்கிக்கொண்டு கீழே இழுத்தாள். ஹீட்டர் அணைந்தது. விளக்குகள் அணைந்தன. இருட்டு.

முழு இருட்டு இல்லை.

கண்ணாடிக்கு அப்பால், நடுத்தொட்டியிலிருந்து மெல்ல ஏறியது ஒரு நீலம். அணுப்பிளவு கட்டுமீறினால் எழும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லக் கேட்ட நீலம். அருகில் நின்று அதைப் பார்த்தவர்கள் அதிக நாள் உயிரோடு இருந்ததில்லை.

அந்த வெளிச்சத்தில் ஆறு தலைகள். ஒன்றும் அசையவில்லை. டங்கனின் கட்டைவிரல் இன்னும் மேலேதான் இருந்தது.

டிக்.

டிக்.

இருட்டுக்குள் வில்ஃப் இருமினார்.