தலையணை சொன்னால் சரி

தூத்துக்குடியில் இப்போதெல்லாம் காலையில் யாரும் நலம் விசாரிப்பதில்லை. "இன்னைக்கு எத்தனை?" என்றுதான் கேட்பார்கள். ராத்திரி மூளை எவ்வளவு நன்றாக ஓய்வெடுத்தது என்று அவரவர் தலையணைக்குள் இருக்கும் தெளிவுமானி எண் போட்டுச் சொல்லிவிடும். ஐம்பதுக்குக் கீழே போனால் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, கையெழுத்துப் போடக்கூடாது. என்ன குழம்பு வைப்பது என்று முடிவெடுக்கக்கூட இன்னொருவர் வேண்டும்.

சூசை மிக்கேலின் எண் தொண்ணூறுக்குக் குறைவதே இல்லை. துறைமுக அலுவலகக் கூட்டத்தில் அவர் கண்ணை மூடினால், ஆழ்ந்து யோசிக்கிறார் என்று மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். உப்பு மூட்டைகளை மழையில் இறக்கச் சொன்னபோதும் அதில் ஏதோ சூட்சுமம் இருப்பதாக நம்பி இறக்கினார்கள். உப்பு கரைந்தது. அவருக்குப் பாராட்டு வந்தது.

அவர் மனைவி அமலி பாடுதான் பரிதாபம். அதே துறைமுகத்தில் பெரிய கிரேன் ஓட்டியவள். மூன்று மாதமாக அவளது எண் முப்பதைத் தாண்டவில்லை. தலையணையின் பதிவைப் பார்த்த மருத்துவர் 'உறங்குமூச்சுத் தடை' என்றார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது, மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை, ஞாபகமும் நிதானமும் அதனால்தான் தேய்கின்றன என்று விளக்கி, காற்றைத் தள்ளும் மூச்சுக்கவசம் ஒன்றையும் கொடுத்தார். அமலி தினமும் அதை மாட்டிக்கொண்டு படுத்தாள். பக்கத்தில் சூசை ஜன்னல் அதிரக் குறட்டை விட்டார். எண் மட்டும் ஏறவில்லை. உப்பு கரையும் என்று அவள் முன்னமே சொன்னதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளது கிரேன் உரிமத்தை ஒரேயடியாகப் பறிப்பதா என்று முடிவு செய்யக் குழு கூடுவதற்கு முந்தைய நாள் ராத்திரி, கவசத்தின் வார் தளர்ந்திருக்கிறதா பாருங்கள் என்று கணவரிடம் கொடுத்தாள். தன் முகத்தில் மாட்டிப் பார்த்தவர் அப்படியே தூங்கிப்போனார். எழுப்ப மனமில்லாமல் அவள் வெறும் முகத்தோடு படுத்தாள். வீடு அதிசயமாக அமைதியாக இருந்தது.

விடிந்ததும் அவளது எண் தொண்ணூற்றொன்று.

"ஏங்க, கவசம் போட்டது நீங்க. நம்பர் எனக்கு எப்படி ஏறுச்சு?"

சூசைக்குத் தலை தெளிந்திருந்தது. தெளிந்த தலையில் முதலில் வந்த ஞாபகமே அவரை வியர்க்க வைத்தது. மூன்று மாதத்துக்கு முன் பதவி உயர்வுத் தேர்வுக்காக, ஒரே ஒரு ராத்திரிக்கு, உறைகளைக் கழற்றி இருவர் தலையணையையும் மாற்றி வைத்தவர் அவர்தான். மறுநாளே திருப்பி வைத்துவிட நினைத்திருந்தார். சுத்தமாக மறந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் குறட்டை அவள் கணக்கிலும், அவள் நல்ல தூக்கம் அவர் கணக்கிலும் ஏறிக்கொண்டிருந்தன.

தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"எனக்கு மூளை போயிட்டுன்னு நானே நம்பிட்டேங்க" என்றாள் அமலி.

குழுவின் முன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அன்றைக்கும் அவர் எண் தொண்ணூறைத் தாண்டியிருந்ததால் மறுபேச்சில்லாமல் நம்பினார்கள். பதவியையும் மறுபேச்சில்லாமல் பிடுங்கிக்கொண்டார்கள். அமலிக்குக் கிரேன் திரும்பக் கிடைத்தது, அவருக்குக் கவசம்.

மறுநாள் காலை வாசலில் மீன்காரர் வந்து நின்றார். சாளை வாங்கலாமா என்று சூசை கேட்டார். அமலி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சட்டென்று நிறுத்தி, உள்ளே போய்த் தலையணையைப் பார்த்துவிட்டு வந்து, "வாங்குங்க" என்றாள்.

சூசைக்கு அழ வேண்டும் போலிருந்தது. மறந்துபோகிற வசதியும் இப்போது அவருக்கு இல்லை.