உறவுமானிக்கு ஒரு டியூஷன்

பொன்மலை குடும்ப நல நிலையத்தில் யாரையும் தனியாகப் பார்ப்பதில்லை. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வீட்டோடு வர வேண்டும். உடலுக்கும் மனத்துக்கும் ஒரே மருத்துவர், ஒரே அறை, நடுவில் உறவுமானி. குடும்பத்தார் அதைச் சுற்றி உட்கார்ந்து இருபது நிமிடம் பேசினால் போதும். நாடியையும் குரலையும் வியர்வையையும் அளந்து, யாருடைய நோயை யார் வளர்க்கிறார்கள் என்று சொல்லிவிடும்.

அதுதான் குணவதிக்குப் பயம். மகள் யாழிசைக்கு எட்டு வயது, மூச்சிரைப்பு. வீடுதான் காரணம் என்று மானி காட்டினால் பிள்ளையை ஆறு மாதம் காப்பகத்தில் வைத்துவிடுவார்கள். குணவதியும் கணவன் மாசிலாமணியும் சண்டை போடாத நாள் காலண்டரில் கிடையாது.

பரிசோதனை என்றாலே நம்மவர்களுக்குப் பரீட்சை. பரீட்சை என்றால் டியூஷன். சந்தைக்குப் பக்கத்து மாடியில் இதற்கும் ஒருவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மாதிரி வினாத்தாள்கூட உண்டு: 'சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. கணவர் அதை எப்படிச் சொல்வார்?' ஆறு வாரம் இருவரும் விழுந்து விழுந்து படித்தார்கள். வீட்டிலும் தினமும் பயிற்சி. மூன்று மூச்சு விட்ட பிறகே பதில் பேச வேண்டும். குரல் உயரக் கூடாது. மாசிலாமணியின் அரதப்பழசான ஜோக்குகளுக்கும் குணவதி சிரித்தாக வேண்டும். பெற்ற பிள்ளைக்காக மனுஷி அதையும் செய்தாள்.

பரிசோதனை நாள் வந்தது. மூவரும் மானியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பஸ்ல நின்னுக்கிட்டே வந்தியே, கால் வலிக்குதா குணா?"

"நீங்க பக்கத்துல இருக்கும்போது எனக்கென்னங்க வலி?"

மானியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மருத்துவர் நஸ்ரின் திரையைப் பார்த்தார். "இது சொந்தப் பேச்சு இல்லை, ஒத்திகை பார்த்ததுன்னு காட்டுதே."

குணவதி உடைந்துபோனாள். "ஆமா டாக்டர், நடிப்புதான். டியூஷன் போய்க் கத்துக்கிட்டோம். ஆறு வாரமா வீட்லயும் இதேதான். பிள்ளையை மட்டும் பிரிச்சிடாதீங்க."

மாசிலாமணி தலையைக் குனித்துக்கொண்டான்.

நஸ்ரின் குழந்தையின் பக்கம் திரும்பினார். யாழிசையின் நெஞ்சில் மாதக்கணக்காக ஒட்டியிருந்த மூச்சுப்பதிவியை எடுத்துக் கணக்கைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். ஆறு வாரமாக ஓர் இரைப்புகூட இல்லை.

"கடைசியா எப்ப மருந்தை உறிஞ்சின, யாழ்?"

"இவங்க டியூஷன் சேர்றதுக்கு முந்தின நாள்."

நஸ்ரினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நடிப்பைக் கண்டுபிடிக்கிறதுக்குன்னே பதினோரு வருஷம் உக்காந்து இந்த மானியைச் செஞ்சிருக்காங்க. இவ நுரையீரலுக்கு அந்த வித்தியாசமே தெரியல. காப்பகமெல்லாம் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மருந்துச்சீட்டையும் வாங்கிக்குங்க."

சீட்டில் ஒரே வரிதான் இருந்தது: 'நடிப்பு, தினம் இரு வேளை, சாப்பாட்டுக்குப் பின்.'

குணவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை மாதத்தில் அவள் நிம்மதியாக அழுதது அன்றுதான்.

நிம்மதி பேருந்து நிறுத்தம் வரைக்கும் தாங்கியது.

"கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? ஒரு விளக்கு எரிஞ்சதுக்கே எல்லாத்தையும் உளறிட்ட!"

"ஆமா, நீங்க பேசுன லட்சணத்துக்குத்தான் அது எரிஞ்சுது! கால் வலிக்குதான்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? அதான் மெஷினே மிரண்டுடுச்சு!"

யாழிசை இருமினாள்.

இருவரும் சட்டென்று நிறுத்தினார்கள். மூன்று மூச்சு விட்டார்கள். "நீ உண்மையைச் சொன்னதும் நல்லதாத்தான் போச்சு, குணா," என்றான் மாசிலாமணி, மெல்லிய குரலில். குணவதி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

யாழிசை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு உண்மையில் இருமலே வரவில்லை. அந்த வீட்டின் மூன்றாவது நடிகைக்கு எந்த வகுப்பும் தேவைப்படவில்லை.